ஒட்டி வைத்த ஊசிமுனை

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் நான் பார்த்த வேலை, ஊசி கொடுப்பது. தையல் மெஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் அதன் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு என் மேஜைக்கு வர வேண்டும். நான் அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்ப்பேன். காம்பிலிருந்து முனை வரை முழு ஊசியும் சேர்ந்தால் ரிஜிஸ்டரில் தேதி, நேரம், மெஷின் நம்பர், பெயர் எல்லாம் எழுதி, துண்டுகளை அதே வரிசையில் தாளில் வைத்து, மேலே செலோ டேப் ஒட்டுவேன். அதன் பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் தைத்த பீஸ் அத்தனையையும் ஒதுக்கி வைத்து, காந்தம் போட்டுத் தேட வேண்டும். கிடைக்கும் வரை மெஷின் ஓடக்கூடாது. நாங்கள் தைத்தது கைக்குழந்தைகளுக்கான சட்டை.

தேதி எழுதுவது எனக்கு ஒரு வியாதி. கம்பெனியில் ஊசி ரிஜிஸ்டர், எங்கள் சபையில் கமிட்டி மினிட்ஸ் புத்தகம், வீட்டில் என் சொந்த டைரி என்று மூன்று இடத்தில் எழுதினேன். டைரியை ஆத்தும சோதனைக்கென்று வைத்திருந்தேன். தங்கள் பாவங்களைத் தாங்களே எழுதி வைத்த பெரியவர்களின் புத்தகங்களை நிறையப் படித்ததில் வந்த பழக்கம். காலை ஐந்தரைக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், முந்தின நாளை ஆறு தலைப்பில் நிறுத்துப் பார்ப்பேன்: கோபம், பொய், இச்சை, பொறாமை, வீண்பேச்சு, ஜெபத்தில் சோம்பல். ஒவ்வொன்றுக்கும் நேராக எத்தனை முறை என்று எழுதுவேன். இல்லாவிட்டால் 'இல்லை'. பதினொரு வருடத்தில் ஒரு நாள் கூட விடவில்லை என்பதில் எனக்கிருந்த பெருமைக்கு மட்டும் தலைப்பு எதுவும் ஒதுக்கவில்லை.

இனி சொல்லப் போவது, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடந்தது. அதற்கு இப்போது நான்கு வருடம் ஆகிவிட்டது.

காலை பதினொன்று இருபதுக்கு ஒரு பெண் டெய்லர் உள்ளங்கையில் ஊசித் துண்டுகளோடு வந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. அதனால் கம்பெனியிலும் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

"அண்ணாச்சி, மொனைய மட்டும் காணல. ஒதறி ஒதறிப் பாத்துட்டேன்" என்றார்.

காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரம் தேடினோம். தரையில் தேடினோம், மெஷினுக்கு அடியில் தேடினோம், பீஸ் கிடந்த டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை. அது ஷிப்மென்ட் வாரம். என்னை 'ரிஜிஸ்டர்' என்றே கூப்பிடும் ஃப்ளோர் மேனேஜர் என் தலைக்கு மேல் வந்து நின்றார்.

"ஏனுங்க ரிஜிஸ்டர், மூணு மணிக்கு வண்டி. நான் கண்டெய்னரை நிறுத்தி வெச்சுட்டு உங்க ரெண்டு பேர்த்துகோடயும் உக்காந்து ஜெபம் பண்ணட்டுங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மேஜைக்குத் திரும்பினேன். என் டிராயரில் தேய்ந்துபோன பழைய ஊசிகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ஒன்றை எடுத்துக் குறடால் முனையை ஒடித்தேன். டீச்சர் கொடுத்த துண்டுகளின் கடைசியில் வைத்து டேப் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் கவனித்தேன். அவருடைய ஊசி பதினொன்றாம் நம்பர், நான் ஒடித்தது ஒன்பது. முனை ஒரு சுற்று மெல்லியது. பிரித்து வேறு ஒட்டினால் தாள் கிழியும், ரிஜிஸ்டர் அசிங்கமாகும். விட்டுவிட்டேன்.

"கெடச்சிருச்சுங்க டீச்சர். பெல்ட் கவர்ல ஒட்டிட்டு இருந்துச்சு" என்று புது ஊசியை நீட்டினேன்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணை மூடிச் சொல்லிவிட்டு அவர் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை டைரியில் எழுதினேன். கோபம்: ஒன்று, பஸ்ஸில். பொய்: இல்லை.

வியாழக்கிழமை, மீதிச் சரக்கைப் பேக்கிங்கில் நீடில் டிடெக்டரில் விட்டபோது ஒரு சட்டைக்கு மெஷின் சத்தம் கொடுத்தது. கழுத்துப் பட்டிக்குள் ஊசிமுனை. சட்டையில் டீச்சரின் நம்பர் ஸ்டிக்கர். அவரைக் கூப்பிட்டார்கள், ரிஜிஸ்டரோடு என்னையும் கூப்பிட்டார்கள்.

"செவ்வாக்கெழம ஒடஞ்ச ஊசியோட மொனதான் இது" என்றார் டீச்சர். "வேற ஊசியே ஒடயல. அண்ணாச்சிதான் மொன கெடச்சிட்டுன்னு சொன்னாவ. அவாளையே கேளுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். நான் பக்கத்தை விரித்தேன்.

"முழுசா இருக்குதுங்க."

எனக்கு நினைவிருக்கிற வரை என் குரல் நடுங்கவில்லை. அவ்வளவு சுத்தமாக ஒட்டப்பட்ட பக்கத்தைப் பார்த்ததும் எனக்கே அது உண்மை என்று தோன்றியது. இந்தம்மா இன்னொரு ஊசியை உடைத்து மறைத்திருக்கக் கூடாதா என்று யோசித்தேன். இரண்டு நிமிடத்தில் அதை நம்பவும் நம்பினேன்.

"இன்னொண்ண ஒடச்சா புது ஊசிக்கு நான் எங்க சார் போவேன்? அண்ணாச்சி குடுத்தாத்தான உண்டு?"

"கடைல விக்கறதுதானம்மா. தேடறதுக்கு மெஷின் நிக்கும், பீஸ் கொறையும்னு நீயே மாத்திட்டிருப்பே" என்றார் மேனேஜர்.

அவரை லைனுக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேனேஜர் அந்த முனையை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து ஒவ்வொரு டெய்லரிடமும் காட்டிக்கொண்டு போனார். "இது ஒரு பச்சக் கொழந்தையோட கழுத்துல எறங்கியிருந்தா? உங்கூட்டுக் கொழந்தைக்குப் போடுவீங்களா? சொல்லுங்க." யாரோ பின்னாலிருந்து, "டீச்சரு கொழந்தைகளுக்கு பைபிள்தான் சொல்லித் தருவாங்க, ஊசி போடறது இப்பத்தாங்க தெரியுது" என்றார். பெரிய சிரிப்பு. டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ரிஜிஸ்டரை மூடினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவரை அனுப்பிவிட்டார்கள்.

இத்தோடு நின்றிருந்தால் அதைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு சபைக் கமிட்டியில் பேச்சு வந்தது. நான் செயலாளர். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் மேல் இப்படி ஒரு பேச்சு வந்திருக்கிறதே, உண்மையா என்று என்னைக் கேட்டார்கள். "ரிஜிஸ்டர்ல இருக்கறதுதானுங்க நான் சொல்ல முடியும்" என்றேன். கமிட்டியில் நகைச்சுவைக்குப் பெயர்போன ஒரு பெரியவர் உண்டு. "ஒட்டகம் ஊசிக் காதுல நொழையறது கஷ்டம்னுதானுங்க கேட்டிருக்கறோம். இந்தம்மா ஊசியவே நொழைச்சுப்போட்டாங்களே" என்றார். நானும் சிரித்தேன். பிறகு என் அழகான கையெழுத்தில் மினிட்ஸ் எழுதினேன்: பிள்ளைகளின் நலன் கருதி மேற்படி ஆசிரியை சில காலம் ஓய்வில் இருக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டார். அந்த 'நலன் கருதி' யாரும் சொன்னதல்ல. நான் சேர்த்தது.

பெரியவர்கள் பேசியது வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் காதில் விழுந்தது. அவர்களே அவருக்குப் பேர் வைத்தார்கள்: ஊசி டீச்சர். கொஞ்ச நாள் அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒரு நாள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது இரண்டு சிறுமிகள் தங்கள் பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பாத்துடீ, குத்திரும்" என்று விலகி ஓடினார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள். அதன் பிறகு அவர் வரவில்லை.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் நாள். அதற்கு முந்தின சனி மாலை ஆயத்த ஆராதனை. அதில் சற்று நேரம் எல்லாரும் மௌனமாகத் தங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் போய்ச் சரிசெய்துவிட்டு வர வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிடவில்லை. கண்ணை மூடி ஆறு தலைப்புகளையும் ஓட்டிப் பார்ப்பேன். ஜெபத்தில் சோம்பல் என்ற இடத்தில் எனக்குக் கண்ணீர்கூட வரும்.

இந்த வருடம் லெந்துக்கு முன் கம்பெனியில் பழைய ரிஜிஸ்டர்களைக் கழிக்கச் சொன்னார்கள். கழிக்கும் முன் பட்டியல் எழுதுவது என் வழக்கம். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கம் வந்தது. டேப் மஞ்சளாகியிருந்தது. உள்ளே பதினொன்றாம் நம்பர் உடலோடு ஒன்பதாம் நம்பர் முனை, பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. நான்கு வருடத்தில் எத்தனையோ ஆடிட் வந்தது. எல்லாரும் டேப் இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்தேன்.

வீட்டில் அந்த நாளின் டைரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பொய்: இல்லை. அதே பேனா, அதே கையெழுத்து. பிறகு மற்ற நாட்களைப் படித்தேன். இரண்டு ஞாயிறும் ஒரு விடுமுறையும் ஆனது. பஸ்ஸில் வந்த கோபம், பாதியில் தூங்கிய ஜெபம், டீக்கடையில் பேசிய அரசியல். யாரிடம் சொன்னாலும் என் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாத பாவங்களாகப் பொறுக்கி எடுத்து எழுதியிருந்தேன். மற்றவர்களைப் பற்றித்தான் தாராளமாக இருந்தது. டீச்சரை அனுப்பிய நாளில், 'அவர் முகத்தில் மனந்திரும்புதலின் அடையாளம் இல்லை' என்று ஒரு வரி. பெயர் தெரியாத மனிதன் ஒருவனின் டைரியாக இருந்தால் அவனை எனக்குப் பிடித்திருக்காது.

இன்னும் பின்னால் போனேன். அந்த லெந்துக்கு முன், கோயில் கட்டித் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டை பண்டிகையில் நான் சபை வரலாறு வாசித்தேன். வாசித்து முடித்ததும் டீச்சர் எழுந்து, ஞாயிறு பள்ளி தொடங்கிய வருடத்தைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று பழைய வருகைப் புத்தகத்தைக் காட்டினார். சொன்னது சரி. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய டைரியில் பொறாமைக்கு நேராக 'இல்லை' என்றிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வேறு ஒரு டெய்லர் வந்து நின்றிருந்தால் வியாழக்கிழமை நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? எத்தனை முறை கேட்டுப் பார்த்தாலும் தெரியவில்லை. கமிட்டியில் நான் ஏன் அவ்வளவு சுலபமாக எழுதினேன் என்பது மட்டும் தெரிந்தது. அவர் முன்னால் மண்டியிட்டுத் திருவிருந்து வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அங்கே இல்லாமல் போவது எனக்கு வசதி.

ஆயத்த ஆராதனை இருந்த சனிக்கிழமை மதியம், இரண்டு மணிக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். ஊத்துக்குளி ரோட்டுக்குப் பின்னால், வரிசையாக எட்டுக் கதவுகள் உள்ள லைன் வீட்டில் ஐந்தாவது. போகிற வழியில் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். 'பழைய ரிஜிஸ்டரைப் பார்த்தேன், அன்று ஏதோ தவறு நடந்திருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.' நல்ல வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் பாதி உண்மை. வழியில் ஒரு கடையில் அந்தத் தாளை ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டேன்.

கதவு திறந்திருந்தது. ஒரு குவியல் குழந்தைச் சட்டைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு வேறு எந்தக் கம்பெனியும் அவரை மெஷினில் உட்கார வைக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"வாங்க அண்ணாச்சி" என்றார். எழுந்திருக்கவில்லை.

தாளைக் கொடுத்தேன். வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஒம்பதாம் நம்பர்."

"ஆமாங்க. இப்பத்தான் ரிஜிஸ்டர..." என்று ஆரம்பித்தேன்.

"இப்பத்தான் பாத்தியளோ?"

தலை நிமிராமல் கேட்டார். கத்தரி ஓடிக்கொண்டே இருந்தது. ஆமாம் என்றால் முடிந்துவிடும். அவரும் அதை நம்பத் தயாராக இருப்பது போலத்தான் இருந்தது.

"இல்லீங்க. அன்னைக்கே தெரியுமுங்க. நான்தான் ஒடிச்சு ஒட்டுனேன். மொன கெடைக்கவே இல்லீங்க."

கத்தரி நின்றது.

"நான் ஸ்தோத்திரம் சொன்னேன்லா அன்னைக்கி."

"சொன்னீங்க."

"ஒங்க பொய்க்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருக்கேன். நாலு வருசமா அதுதான் எனக்கு அருவருப்பா இருக்கு. வேலை போனதுகூட இல்ல."

"மன்னிச்சுருங்க டீச்சர்."

"எங்கிட்ட வந்து சொல்லுதியளே, எனக்கு என்னத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவ்வொகிட்ட போய்ச் சொல்லுங்க. கோயில்ல சொல்லுங்க. கம்பெனில சொல்லுங்க." தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "இது எனக்கு வேணும். ஜெராக்ஸ் எடுத்திருப்பியளே? அதையும் குடுங்க."

கொடுத்தேன். என்னிடம் இருந்த ஒரு தாளை நான் வேறு ஒருவருக்குக் கொடுத்தது அதுதான் முதல் முறை. வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"மன்னிப்புக்காக நிக்கியள்னா இப்ப எங்கிட்ட இல்ல. தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி, வெளிச்சத்த மறைக்கிய."

ஆயத்த ஆராதனை ஐந்து மணிக்கு. இருபது பேர் இருந்திருப்பார்கள். மௌன நேரத்தில் எழுந்து நின்றேன். ஆராதனை நடத்திய ஆயருக்கு, நான் அறிவிப்பு எதையோ மறந்துவிட்டேன் என்று தோன்றியிருக்க வேண்டும், தலையசைத்தார். ஊசி உடைந்ததில் ஆரம்பித்து 'நலன் கருதி' வரை கிழமை, நேரத்தோடு சொன்னேன். அதற்கு மேல் அலங்காரம் செய்ய வாய் வந்தபோது உட்கார்ந்துவிட்டேன். யாரும் அழவில்லை. யாரும் வந்து கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு பெஞ்ச் கிரீச்சிட்டது.

வெளியே வந்ததும் ஒட்டகப் பெரியவர் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏனுங்க செயலாளரே, இத ஆயர்கிட்ட தனியாச் சொல்லப்படாதுங்களா? அன்னைக்கு அந்தம்மாவப் பேசுனதுல நாங்களும் இருக்கறமல்லங்க? உங்ககோட எங்களையும் சேத்துக் குப்புறத் தள்ளிப்போட்டீங்க."

"உங்க பேர நான் சொல்லலீங்களே."

"ஒட்டகம்னு சொன்னா யாருன்னு சபைக்கே தெரியாதுங்களா?"

வீட்டுக்கு என் மனைவி எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் திறந்துகொண்டே, "நாலு வருசமா எம் பக்கத்துல உக்காந்துதான ஜெபம் பண்ணுனீங்க? எங்கிட்ட சொல்லோணும்னுகூடத் தோணலீங்களா?" என்று கேட்டார். மறுநாள் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை.

திங்கட்கிழமை முதலாளியைப் பார்த்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எப்பவோ போன சரக்குங்க அது. இப்ப நீங்க எழுதிக் குடுத்தா, அத்தன ரிஜிஸ்டரும் பொய்யின்னு ஆகுமல்லங்க? உங்க ஆண்டவர் மன்னிச்சுருவாருங்க. சரக்கு வாங்கற பையர் மன்னிக்க மாட்டான்."

"அந்தம்மாவ மறுபடியும் மெஷின்ல உக்கார வெச்சீங்கன்னா..."

"அது முடியாதுங்க. கூப்புட்டா ஏன் கூப்புட்டீங்கம்பாங்க. நீங்க இந்த மாசத்தோட வூட்ல ரெஸ்ட் எடுங்க."

அமைதி வந்தது திரும்பிப் போன டவுன் பஸ்ஸில். நின்றுகொண்டிருந்தேன், யாரோ காலை மிதித்தார்கள். என்னவோ குறைகிறதே என்று முதலில் பதறினேன். பர்ஸைத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது. பிறகு புரிந்தது. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று நான்கு வருடமாக உள்ளே ஒரு காது விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது மூடிக்கொண்டிருந்தது. மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. பேருந்துச் சத்தம் பேருந்துச் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான். இத்தனை வருடம் எந்த அமைதிக்காக ஜெபித்தேனோ அது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை எனக்குக் கொடுத்தவர் அந்த நேரத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார் என்பதிலும் சந்தேகமில்லை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை.

டைரியில் ஆறு தலைப்புகளை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரே கேள்விதான்: நேற்று எதை ஒட்டி வைத்தாய்? பல நாட்கள் எழுத இருக்கிறது.

கமிட்டி மினிட்ஸை மாற்றி எழுதியது. ஆயர் அவர் வீட்டுக்கு இரண்டு முறை போய் வந்தார். ஈஸ்டருக்குப் பிறகு மூன்றாவது ஞாயிறு டீச்சர் வந்தார். பாடம் நடத்த ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தார். சேலைத் தோளில் இரண்டு மூன்று வெள்ளைப் பிசிறு ஒட்டியிருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, ஆறு வயது இருக்கும், ஒரு குழந்தை ஓடி வந்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னது:

"ஊசி டீச்சர், ஸ்தோத்திரம்!"

அந்தக் குழந்தைக்கு அவர் பெயரே அதுதான். கம்பெனியும் தெரியாது, கதையும் தெரியாது. அந்தப் பெயரைத் திரும்ப வாங்க எனக்கு வழி எதுவும் இல்லை. அதன் தாய் பதறிப்போய்க் குழந்தையின் வாயைப் பொத்தினாள். பழைய நானாக இருந்தால் அந்தச் சமயம் பாட்டுப் புத்தகம் எதையாவது புரட்டியிருப்பேன். அன்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

டீச்சர் குனிந்து, தாயின் கையை விலக்கிவிட்டு, "ஸ்தோத்திரம்மா" என்றார். நிமிரும்போது என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.